பழைய ஷேவிங் செட் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி பார்த்து வைத்தியம்

தாத்தாவின் ரேசரைக் கெடுத்தது நான்தான். ஐம்பது வருடம் தகரப் பெட்டிக்குள் கிடந்தபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைக்கு வந்த பத்தாவது நிமிடத்தில் அதன் அடித்திருகில் கட்டிங் பிளேயரின் பல் தடம் நான்கு விழுந்துவிட்டது. ஜில்லெட் சூப்பர் ஸ்பீடு அது. கைப்பிடியின் அடியில் உள்ள திருகைத் திருப்பினால் தலைமேல் இரண்டு கதவும் சிறகு மாதிரி விரிய வேண்டும். விரியவில்லை. உள்ளே துரு இறுகிவிட்டது என்று நானே முடிவு கட்டிப் பிளேயரை எடுத்தேன். துருவெல்லாம் ஒன்றுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தாத்தா கடைசியாக ஷேவ் செய்த சோப்பு காய்ந்து கல்லாகியிருந்தது. வெந்நீரில் ஊறப் போட்டிருந்தால் தானாக விட்டுக்கொடுத்திருக்கும்.

அதற்குப் பிறகு என் மேசையில் ஏறி இறங்கிய பழைய ரேசர், கத்தி, பிரஷ் எல்லாம் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் இருக்கும். வயதாகிக் கெட்டதைவிட, சுத்தம் செய்யப் போய்க் கெட்டதுதான் அவற்றில் அதிகம். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் தண்ணீர், அப்புறம் சோப்பு, அப்புறம் பொறுமை, அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய். கருவியைக் கடைசியில் எடுங்கள். ஒரு வைத்தியம் முடிந்து ஒரு நாள் விட்டுத்தான் அடுத்தது.

## திருகு திரும்பவில்லை, கதவு திறக்கவில்லை

கை பொறுக்கும் சூட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு. ரேசரைத் தலைகீழாக, தலை முழுவதும் மூழ்கும்படி நிறுத்தி இருபது நிமிடம் விடுங்கள். எடுத்து, விரலால் மட்டும் திருப்பிப் பாருங்கள். வராது. முதல் தடவையில் வந்துவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தண்ணீர் ஆறியதும் மாற்றி இன்னொரு தடவை. இப்படி மூன்று நாள் செய்தபின் திறந்த ரேசரும் என்னிடம் உண்டு. நடுவில் தண்ணீர் பால் மாதிரி கலங்குகிறது என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சோப்பு கரைந்தும் இறுக்கம் போகவில்லை என்றால், நன்றாகக் காயவைத்துவிட்டு, கதவுகள் சந்திக்கும் இடத்திலும் திருகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்திலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி படுக்கப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அதுதான், தெரியும். ஆனால் நாளடைவில் அது பிசினாகிவிடும். இப்போது திறந்தாலும் ஆறு மாதத்தில் பழைய கதைதான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டவ்வில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். 1955 வாக்கில் வந்த சூப்பர் ஸ்பீடுகளில் அடித்திருகில் வர்ணம் பூசியிருக்கும். சிவப்பு என்றால் கனமானது, நீலம் என்றால் இலேசானது. அந்த வர்ணம்தான் அவற்றின் அடையாளம். கொதிநீரில் அது செதில் செதிலாக எழும்பும். பேக்லைட் கைப்பிடி என்றால் கொதிநீர் பளபளப்பைத் தின்று மங்க வைத்துவிடும்.

திறந்தபின் கதவின் உள்பக்கம் எட்டிப் பாருங்கள். பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் வெண்ணெய் மாதிரி வரும். அதை எடுக்காமல் விட்டால் கதவு கடைசி அரை மில்லிமீட்டர் மூடாது, பிளேடு ஆடும். நிறையப் பேர் 'ரேசர் தேய்ந்துபோச்சு' என்று ஒதுக்கியவை இப்படிப்பட்டவைதான்.

## பச்சை பச்சையாக ஒட்டியிருக்கிறது. தேய்த்தால் தங்கம் போகிறது

பழைய ஜில்லெட் ரேசர்களில் பெரும்பாலானவை உள்ளே பித்தளை. மேலே நிக்கல் முலாம், சிலவற்றில் வெள்ளி அல்லது தங்க முலாம். முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், சோப்பில் உள்ள கொழுப்பும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்து மெழுகு மாதிரி ஒரு பச்சைக் களிம்பு உண்டாகும். குத்துவிளக்கில் பிடிக்கும் களிம்புக்கு இது பங்காளி.

களிம்பு என்றதும் நம் வீட்டில் கை தானாகப் புளி ஜாடிக்குப் போகும். என் வீட்டிலும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1930களின் தங்க முலாம் பூசிய செட் ஒன்றை வராந்தாவில் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அம்மா அதைப் பூஜைச் சாமான்களோடு சேர்த்துத் தேய்த்து வைத்திருந்தார்கள். "எவ்வளவு அழுக்குடா இது! பாரு, இப்போ எப்படி மின்னுதுன்னு." மின்னியது உண்மைதான். மின்னியது பித்தளை. புளியின் அமிலம் களிம்பை மட்டும் எடுத்துவிட்டு நிற்பதில்லை. முலாமின் ஓட்டை வழியாக உள்ளே இறங்கிப் பித்தளையைக் கடிக்கிறது. மேலே பூசிய தங்கமோ மயிரிழையைவிட மெல்லியது. நாரால் நான்கு இழுப்பு இழுத்தால் போதும். எலுமிச்சை, வினிகர், சபீனா, பித்தளைப் பாலிஷ், எல்லாவற்றுக்கும் இதே தண்டனைதான். வெள்ளிக்குப் போடும் விபூதியைக்கூட முலாம் மேல் போடமாட்டேன்.

சரி, என்ன செய்வது? பழைய, நன்றாக மெத்தென்று ஆன பல் துலக்கும் பிரஷ், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். களிம்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மெழுகு இளகும், மரக்குச்சியால் தள்ளுங்கள். களிம்பு போன இடத்தில் ஒரு கரும்புள்ளி தெரியும். அது முலாம் போன தழும்பு. அதைத் துடைக்க முயலாதீர்கள், அங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தங்க நிற ரேசர்கள் சிலவற்றில் முலாமுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு லாக்கர் பூச்சு இருக்கும். அது வயதாகித் திட்டுத் திட்டாக உரியும்போது தங்கமே உரிவது போலத் தோன்றும். நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். வெங்காயச் சருகு மாதிரி நிறமில்லாமல் எழுந்தால் லாக்கர். தங்கம் அடியில் பத்திரமாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடுவதுதான் என் கட்சி. முழுக்க எடுத்துவிட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் பிறகு தங்கத்துக்குக் காவல் கிடையாது.

## பிளேடு ஒரு பக்கம் அதிகமாக வெளியே தெரிகிறது

இதற்கு இரண்டு நிமிடச் சோதனை போதும். பிளேடைப் போட்டு மூடி, எந்தப் பக்கம் அதிகம் தெரிகிறது என்று ரேசரின் அந்தப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிளேடின் மூலையிலும் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி. இப்போது பிளேடை மட்டும் எடுத்து, முன்பின்னாகத் திருப்பிப் போடுங்கள். அதிகமாகத் தெரிவது புள்ளியோடு மறுபக்கம் போய்விட்டதா? கோளாறு பிளேடில். ஸ்டிக்கர் பக்கமே நிற்கிறதா? கோளாறு ரேசரில்.

பிளேடு என்றால் வேறு பிளேடு, கதை முடிந்தது. ரேசர் என்றால் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். மூன்று துண்டாகக் கழலும் பழைய வகையில், பிளேடின் ஓட்டைக்கும் அதைப் பிடிக்கும் முளைக்கும் நடுவில் இலேசான தளர்வு எப்போதும் இருக்கும். அரைகுறையாக இறுக்கி, பிளேடின் இரண்டு குட்டை ஓரங்களையும் விரலால் பிடித்து நேர்செய்து, பிறகு முழுக்க இறுக்குங்கள். பத்தில் எட்டு இதிலேயே சரியாகும்.

சீப்புப் பல் வைத்த ரேசர் என்றால் அடித்தட்டைக் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்து வையுங்கள். எல்லாப் பல்லும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒரு மூலை தூக்கினால் யாரோ எப்போதோ குளியலறைத் தரையில் போட்டிருக்கிறார்கள். வளைந்த பல்லை நிமிர்த்த நினைப்பவர்களுக்கு: பழைய பித்தளை ஒரு தடவை வளைந்து கொடுக்கும், இரண்டாவது தடவை ஒடியும். முகத்தைக் கீறாத அளவு வளைவு என்றால் நான் தொடமாட்டேன்.

நடுவில் ஒரு சந்தேகம் நிறையப் பேருக்கு வரும்: நூறு வருடப் பழைய ரேசரில் இன்று கடையில் விற்கும் பிளேடு சேருமா? சேரும். பழைய ரேசரில் மூன்று முளை, இன்றைய பிளேடில் நீள வெட்டு. மூன்று முளையும் அந்த வெட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வெட்டு வைத்த பிளேடுக்கு ஜில்லெட் மாறியது 1930இல்.

## ஷேவ் கடிக்கிறது, முகம் எரிகிறது

எண் வைத்த ரேசராக இருந்தால் முதலில் எண்ணைப் பாருங்கள். சேகரிப்பாளர்கள் 'ஃபேட்பாய்' என்று கூப்பிடும் ஜில்லெட் அட்ஜஸ்டபிள் 1958இல் வந்தது. 1961 வரை செய்தார்கள். அன்றைய விலை 1.95 டாலர், அதனால் 195 என்றும் பெயர். கழுத்தில் 1 முதல் 9 வரை எண், எண் கூடக் கூட ஷேவ் கடுமையாகும். பழைய சாமான் கடையில் எடுத்துப் பார்ப்பவன் ஒவ்வொருவனும் அதைத் திருகி விளையாடி 9இல் விட்டுவிட்டுப் போவான். 9இல் முதல் ஷேவ் செய்தால் கடிக்காமல் என்ன செய்யும்? 3இல் ஆரம்பியுங்கள்.

எண்ணை மாற்றும்போது அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். இறுக்கிய நிலையில் திருப்பினால் உள்ளே உள்ள பாகங்கள் ஒன்றை ஒன்று அரைக்கும். எண் 1க்கும் போகாமல் 9க்கும் போகாமல் நடுவிலேயே நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று: சோப்புக் கல், அல்லது யாரோ கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். முதலாவதற்கு வெந்நீர். இரண்டாவதைக் கை தேர்ந்தவரிடம் கொடுங்கள். நான் ஒன்றைக் கழற்றினேன். மாட்டியதும் நான்தான், ஆனால் அதைச் சரி என்று சொல்லமாட்டேன்.

எண் இல்லாத ரேசர் கடித்தால், முக்கால்வாசி நேரம் குற்றவாளி நம் கை. இன்றைய கார்ட்ரிட்ஜ் ரேசரை அழுத்திப் பழகிய கை அது. இந்த ரேசர் தன் எடையிலேயே இறங்கும். கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், அழுத்த முடியாது.

பழைய பாக்கெட்டோடு கிடைத்த பிளேடைப் போட்டு ஷேவ் செய்து கடித்தது என்றால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1960களுக்கு முந்தியவை பெரும்பாலும் கார்பன் ஸ்டீல். துருப்பிடிக்காத பிளேடை வில்கின்சன் ஸ்வோர்டு சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்றவர்களும் மாறினார்கள். மெழுகுத் தாளுக்குள் பளபளவென்று தெரியும், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத துரு உட்கார்ந்திருக்கும். அந்தத் தாளின் அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

## கைப்பிடியில் நீளவாக்கில் விரிசல்

உள்ளே குழலாக இருக்கும் பழைய பித்தளைக் கைப்பிடிகளின் தீராத வியாதி. இறுக்கி இறுக்கி மூடியதால் வருவது. சால்டர் வைக்கச் சொல்லும் கடைக்காரரிடம் 'சரிண்ணே, யோசிச்சு சொல்றேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சூட்டில் முலாம் கறுக்கும். அந்தக் கைப்பிடியைப் பெட்டியிலேயே ஓய்வெடுக்க விட்டு, ஷேவ் செய்ய அதே மரையுள்ள வேறு கைப்பிடியை மாட்டிக்கொள்வதுதான் என் வழி.

## பெட்டியில் ஒரு சவரக்கத்தி மட்டும் துருப்பிடிக்கிறது

இதற்கு மட்டும் அவசரப்படலாம். அவசரப்படவும் வேண்டும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், இந்த இரண்டு ஊர்ப் பெயரில் ஒன்று பொறித்த மடக்குச் சவரக்கத்திகள் நம் பழைய வீடுகளிலும் நாவிதர் பெட்டிகளிலும் அடிக்கடி கிடைக்கும். கைப்பிடி கொம்பு, கருங்காலி, அல்லது செல்லுலாய்டு. செல்லுலாய்டுதான் வில்லன். ஆமை ஓடு மாதிரி, தந்தம் மாதிரி என்று எந்த வேஷமும் போடும். நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வது அது. ஆம், கற்பூரம். கட்டைவிரலால் சூடேறும்வரை கைப்பிடியைத் தேய்த்துவிட்டு முகர்ந்து பாருங்கள். கோயில் வாசனை வந்தால் செல்லுலாய்டு, இன்னும் உயிரோடு இருக்கிறது.

வாசனை மாறி மூக்கைக் குத்தும் காரம் வருகிறதா? கைப்பிடியில் நுண்ணிய வெடிப்பு, பிசுபிசுப்பு, ஓரத்தில் பொடி? அழுக ஆரம்பித்துவிட்டது. அழுகும் செல்லுலாய்டு அமில ஆவியை விடும். கத்தியை மடித்து வைக்கும்போது கைப்பிடிக்குள் போகும் பகுதியில் மட்டும் துரு இருக்கிறது, வெளியே இருக்கும் வால் பகுதி சுத்தமாக இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். முகப்பவுடர் பூசிய மாதிரி ஆரம்பித்து, ஒரு மழைக்காலத்துக்குள் அலகில் குழி விழும். நீங்கள் எண்ணெய் தடவத் தடவ அது திரும்பத் திரும்ப வரும். நீங்கள் சென்னைக் கடற்காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நானும் ஒரு வருடம் திட்டினேன்.

இன்றே செய்ய வேண்டியது: அந்தக் கத்தியை மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். அதே பெட்டியில் உள்ள நல்ல கத்திகளையும் அந்த ஆவி தின்னும். மூடிய டப்பாவில் வைக்காமல் காற்றாட வையுங்கள். பூஜை அலமாரிப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், செல்லுலாய்டு பொசுக்கென்று பற்றிக்கொள்ளும். அலகைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆணியை அராவி எடுத்து, அழுகிய கைப்பிடியைக் கழித்துவிட்டுக் கொம்பிலோ மரத்திலோ புதிது போட வேண்டும். அழுகியதை ஒட்டவைக்கவோ பூசி மெழுகவோ வழி இல்லை.

கைப்பிடி உண்மையிலேயே யானைத் தந்தம் என்று யாராவது சொன்னால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

அலகில் இருப்பது சிவப்புத் துருவா, சாம்பல் கலந்த கறுப்பா என்று பிரித்துப் பார்க்கவும் பழகுங்கள். சிவப்பு தின்னும், எண்ணெயும் மெல்லிய எஃகு நாரும் கொண்டு மெதுவாக எடுக்க வேண்டும். கறுப்பு அதற்கு வயதின் நிறம், இருந்துவிட்டுப் போகட்டும்.

## ரோல்ஸ் ரேசர் கூர்மை பிடிக்கவில்லை

நிக்கல் பெட்டிக்குள்ளேயே ஒரு பக்கம் சாணைக்கல், மறுபக்கம் தோல்வார். கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் 'கடக் கடக்' என்று அலகு புரண்டு தன்னைத் தானே தீட்டிக்கொள்ளும் ஆங்கிலேயச் சாமான் இது. பழைய ராணுவக் குடும்பங்களில் கிடைக்கும். கல்லில் விரிசல் இருந்தால் அலகைப் பல்பல்லாக்கிவிடும், தள்ளவே தள்ளாதீர்கள். தோல் மட்டும் காய்ந்திருந்தால், மிகக் கொஞ்சமாகத் தோல் மெழுகு தேய்த்து ஒரு வாரம் விடலாம். இந்தக் கம்பெனி கடைசியில் வாஷிங் மெஷின் விற்கப் போய் 1964இல் மூழ்கியது. சத்தத்தைக் கேட்டால் அப்போதே அதற்குத் தயாராகிக்கொண்டிருந்த மாதிரி இருக்கும்.

## சோப்பு நுரைக்கவில்லை

பழைய ஷேவிங் சோப்பு ஒன்றை ஆசையாக வாங்கி, பிரஷ்ஷைச் சுழற்று சுழற்றென்று சுழற்றியும் தயிர் திரிந்த மாதிரி வருகிறதா? சோப்பைத் திட்டும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத திரியாக்கிவிடும். குழாயடிப் பக்கெட்டில் சோப்பு ஏடு மிதக்கும் வீடு என்றால் உங்கள் வீட்டிலும் இதே கதைதான். வாட்டர் கேன் தண்ணீர் ஒரு கிண்ணம் எடுத்து, பிரஷ்ஷையும் அதிலேயே அலசி, அதிலேயே நுரை கட்டிப் பாருங்கள். நுரை எழுந்துவிட்டால் சோப்பு நிரபராதி.

அப்படியும் எழவில்லை என்றால் மேல்பரப்பு காய்ந்திருக்கும். ராத்திரி ஒரு ஸ்பூன் தண்ணீரைச் சோப்பின் மேல் ஊற்றி வைத்து, காலையில் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள். விரிசல் விழுந்திருப்பது குற்றமில்லை. நுகர்ந்தால் சிக்கெண்ணெய் வாடை வருவது குற்றம், கொழுப்பு கெட்டுவிட்டது. அதை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், முகத்துக்கு வேண்டாம்.

## பிரஷ் முடி கொட்டுகிறது

முதல் நான்கைந்து தடவை சில முடி விழுவது சாதாரணம். கொத்தாக வந்தால், முடியைப் பிடித்திருக்கும் பசை போய்விட்டது. முடிக்கொத்தை முழுதாக எடுத்துவிட்டு, அதே குழி அளவில் புதுக்கொத்து வைத்து எபாக்ஸியில் ஒட்டலாம். 20, 22, 24 மில்லிமீட்டர் என்று அளவு சொல்லி வாங்கலாம். குழியை அளக்காமல் வாங்கி, அப்புறம் குழியைக் குடைந்து கைப்பிடியை விரியவிட்டவர்கள் உண்டு.

கைப்பிடி வெண்ணெய் உருக்கிய நிறத்தில் இருந்தால் அழுக்கு என்று உப்புத்தாள் போடாதீர்கள். கேடலின் என்ற பழைய பிளாஸ்டிக் அது. வெள்ளையாகப் பிறந்து வெயிலும் காற்றும் பட்டு மஞ்சளானது. சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்த மஞ்சளுக்குத்தான்.

இந்தத் தலைப்பில் நான் விளையாடாத விஷயம் ஒன்று. 1930க்கு முந்திய பிரஷ்ஷால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், முகத்தைத் தொடாதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் என்ற விலங்கின் முடி கிடைக்காமல், வெளிநாட்டிலிருந்து வந்த மலிவான குதிரை முடியை அதே மாதிரி சாயம் ஏற்றி விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத முடி. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஷேவிங் பிரஷ் வழியாகச் சிப்பாய்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆந்த்ராக்ஸ் வந்தது. நம் ஊரில் மாட்டுக்கு வரும் அடைப்பான் என்று சொல்வார்களே, அதே நோய். அந்தக் கிருமியின் வித்து பல பத்தாண்டு உறங்கிக் கிடக்கக்கூடியது. வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை, வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கைப்பிடியை வைத்துக்கொண்டு முடியை மாற்ற நூறு வழி இருக்கும்போது எதற்கு?

## ஆஃப்டர்ஷேவ் பாதி காலி, நிறம் கறுத்திருக்கிறது

மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆல்கஹால் வெளியேற வழி கண்டுபிடித்துவிடும். வாசனையில் முதலில் போவது எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி மேலெழும் மணங்கள். கிராம்பு, பட்டை, வெனிலா தங்கும். அதனால்தான் பழைய ஓல்ட் ஸ்பைஸ் பாட்டில்கள் இன்னும் ஓரளவு ஓல்ட் ஸ்பைஸாகவே இருக்கின்றன. ஆண்களுக்கான அந்த வரிசையை ஷூல்டன் கம்பெனி 1938இல் கொண்டுவந்தது. புராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கியது 1990இல். பாட்டிலில் ஷூல்டன் பெயர் மட்டும் இருந்தால் பழையது என்று ஒரு தோராயம். பர்மா பஜாரில் 'ஃபாரின் சரக்கு' என்று வாங்கி, விசேஷத்துக்கு மட்டும் தடவி, மிச்சம் பிடித்து வைத்த பாட்டில்கள் பல வீட்டில் இன்னும் இருக்கும். புது ஆஃப்டர்ஷேவை ஊற்றி நிரப்பாதீர்கள். இரண்டும் கெடும். நிமிர்த்தி, இருட்டில் வையுங்கள், அவ்வளவுதான்.

## வருடம் ஒத்துப்போகவில்லை, செட் சேரவில்லை

1950களிலிருந்து அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேசர்களின் தலைக்கு அடியில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எழுத்து வருடம், எண் காலாண்டு. டபிள்யூ என்றால் 1951, எக்ஸ் 1952, ஒய் 1953, இசட் 1954, அதன் பிறகு ஏ 1955 என்று மறுபடி முதலிலிருந்து வரும். இ-2 என்றால் 1959இன் இரண்டாவது காலாண்டு. இங்கிலாந்தில் செய்தவற்றை இந்தக் கணக்கில் போட்டுக் குழம்பாதீர்கள். நம் பக்கம் கிடைப்பவற்றில் இங்கிலாந்துச் சரக்கு நிறைய.

பெட்டி ஒரு காலம், தலை ஒரு காலம், கைப்பிடி ஒரு காலம் என்று ஒட்டுப் போட்ட செட்டுகள் சகஜம். பெட்டிக்குள் இருக்கும் குழியில் ரேசரை வைத்துப் பாருங்கள். ஆடாமல், திணிக்காமல் உட்கார வேண்டும். வெல்வெட்டில் பதிந்த அச்சும் ரேசரும் பொருந்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் ஒருவர் "உலகப் போர் செட்டு சார், உலகத்துலயே நாலுதான் இருக்கு" என்றார். முதல் உலகப் போர் முடிவதற்குள் அமெரிக்கப் படைக்கு ஜில்லெட்டிடமிருந்து போனது சுமார் 35 லட்சம் ரேசர். அரிது என்று சொல்ல வேண்டுமானால் கம்பெனி விற்பனையை ஆரம்பித்த 1903ஆம் வருடத்தைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் விற்றது மொத்தம் 51 ரேசர்.

தாத்தாவின் ரேசரில் இருப்பது ஒய்-3. 1953, மூன்றாவது காலாண்டு. அது 1948இல் தாத்தா கல்யாணத்துக்கு வந்த பரிசு என்பது எங்கள் வீட்டுக் கதை. அத்தையிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து எழுத்தைக் காட்டினேன். நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒய்யோ என்னமோ. அவங்க தப்பா அடிச்சிருப்பாங்கடா."

பெட்டிக்குள் வைத்திருக்கும் சீட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். பிளேயர் தடத்தைப் பற்றி மூன்றாவதாக ஒரு வரி.